நாத்தனார் பெயரில் என் வெள்ளையணுக்கள்

திருவண்ணாமலையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஊசி போட்டு ரத்தம் எடுப்பது, ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயம் ஏற்றுவது, அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து வெள்ளையணுக்களை வகைபிரித்து எண்ணுவது, இவைதான் என் வேலை. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எங்கே வேலை என்று கேட்டால் "மெடிக்கல் லைன்ல இருக்கேன்" என்று மட்டும் சொல்வேன். அதற்குமேல் வாயைத் திறக்கமாட்டேன். அவர் மனதில் நான் டாக்டராகிவிட அந்த மௌனம் போதும்.

எங்கள் தெருவில் யார் வீட்டு ரிப்போர்ட்டும் முதலில் என்னிடம்தான் வரும். நான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, "ம்ம்..." என்று இழுப்பேன். அந்த இழுப்பில் எதிரே நிற்பவர் முகம் வெளுத்துவிடும். பிறகு, "வெள்ளை அணு ஜாஸ்தி. எங்கியோ இன்ஃபெக்‌ஷன். டாக்டர பாத்துடுங்க" என்பேன். என் மருத்துவ ஞானம் அத்தோடு முடிந்தது. ஜாஸ்தி என்றால் கெட்டது, கம்மி என்றால் அதைவிடக் கெட்டது. அந்த அணுக்கள் புண் இருக்கும் இடத்துக்குப் போய் என்ன செய்கின்றன, செய்து முடித்தபின் எங்கே போகின்றன என்று நான் ஒருநாளும் யோசித்தது கிடையாது. டிப்ளமோ பரீட்சையில் "இவை நம் உடலின் படைவீரர்கள்" என்று எழுதி மார்க் வாங்கியதோடு சரி.

போன வருடம் ஆவணிப் பௌர்ணமிக்குக் கிரிவலம் கிளம்பினேன். என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். பௌர்ணமி என்றால் அவரை வீட்டில் பார்க்கவே முடியாது. அதனால் தனியாகத்தான் போனேன். கூட்டம் சேர்வதற்குள் முடித்துவிடலாம் என்று மதியம் மூன்று மணிக்கே இறங்கியது முதல் முட்டாள்தனம். தார் ரோடு தோசைக்கல் மாதிரி காய்ந்துகிடந்தது. வெறுங்காலோடு ரோட்டோரத்து மண்ணில் இறங்கி நடந்தேன்.

வழியில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த நான்கு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அதில் ஒருவர் தனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகச் சொன்னதுதான் தாமதம், நான் ஆரம்பித்துவிட்டேன்.

"சுகர் இருக்கிறவங்க வெறுங்கால்ல நடக்கவே கூடாதுங்க. அப்படியே நடந்தாலும் கீழ பாத்து நடக்கணும். சின்ன முள்ளுதானேனு வுட்டா, அப்புறம் காலையே..."

அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே இதைச் சொல்லிக்கொண்டு நடந்ததால், கீழே கிடந்த வேலிகாத்தான் முள்ளை நான் பார்க்கவில்லை. அது என் வலது குதிகாலுக்குக் கொஞ்சம் முன்னால் நேராக இறங்கியது. நான் கத்திய கத்தலில் அந்தச் சர்க்கரைக்கார அம்மாள்தான் என்னைத் தாங்கிப் பிடித்தார். முள்ளைப் பிடுங்கினேன். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. "ஒண்ணும் இல்லீங்க, இதெல்லாம் சாதாரணம்" என்று சிரித்துக்கொண்டே மேற்கொண்டு நடந்தேன். அவர்கள் நால்வரும் பக்கத்துக் கடையில் செருப்பு கிடைக்குமா என்று விசாரிக்கப் போய்விட்டார்கள்.

அடி அண்ணாமலையில் என் நாத்தனார் கடை வைத்திருக்கிறார். கணவருக்கு மூத்த அக்கா. எலுமிச்சை ஜூஸ், மோர், தண்ணீர் பாட்டில், பௌர்ணமிக்கு மட்டும் சுண்டல். எனக்கும் அவருக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. ஆனால் அவர் சொல்வதை நானும், நான் சொல்வதை அவரும் ஒருதடவைகூட ஒப்புக்கொண்டது இல்லை.

"இன்னாம்மா, நொண்டிக்கினு வர்ற?" என்று தூரத்திலேயே கேட்டுவிட்டார்.

"முள்ளு அண்ணி. எடுத்துட்டேன்."

"எங்க, காட்டு." என் காலைத் தூக்கித் தன் முட்டிமேல் வைத்துக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தார். "முனை உள்ளயே நிக்குது போல இருக்கே. கறுப்பா தெரியுது பாரு. ஆஸ்பத்திரியில காட்டிட்டுப் போ."

"அது முனை இல்ல அண்ணி, ரத்தக் கட்டு. எனக்குத் தெரியாததா?"

நாத்தனார் என் காலை மெதுவாகக் கீழே இறக்கினார். "உனக்குத் தெரியாததா" என்று என் குரலிலேயே சொல்லிவிட்டு எலுமிச்சம்பழம் பிழியப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் கால் வீங்கியது. காலையில் நாஷ்டா சாப்பிடும்போது கணவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசமாட்டார்.

"டாக்டர்கிட்ட போலாமா?"

"இங்க பாருங்க. வீக்கம், சிவப்பு, சூடு, வலி. நாலும் வந்திருக்கு. இதுக்குப் பேரு இன்ஃப்ளமேஷன். வெள்ளையணு கரெக்டா வேலை செய்யுதுனு அர்த்தம்."

"ஓ" என்றார். நான் இங்கிலீஷில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர் அதற்குமேல் கேட்பது இல்லை. கல்யாணமான புதிதிலேயே இதைக் கண்டுபிடித்து, வேண்டிய இடத்தில் எல்லாம் பயன்படுத்தி வருகிறேன்.

வேலை செய்யட்டும் என்று விட்டிருந்தாலாவது பரவாயில்லை. அந்த வாரக் கடைசியில் செங்கம் ரோடு மண்டபத்தில் ஒரு கல்யாணம். புடவைக்கு ஏற்ற மாதிரி புதுச் செருப்பு வாங்கி வைத்திருந்தேன்; கால் அதற்குள் போகவில்லை. மருந்துக்கடையில் நானாகப் பெயர் சொல்லி வலி மாத்திரை வாங்கி, நான்கு நாள் விழுங்கினேன். வீக்கம் வடிந்தது. செருப்பும் நுழைந்தது. மண்டபத்தில் நாத்தனார் என் காலைக் குனிந்து பார்த்தார். நான் வேண்டுமென்றே புடவையைக் கொஞ்சம் தூக்கி, காலை முன்னால் நீட்டிக் காட்டினேன். பந்தியில் அவருக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்து, வெற்றிபெற்றவள் மாதிரி பாயசம் குடித்தேன்.

மாத்திரையை நிறுத்திய இரண்டாம் நாள் எல்லாம் திரும்பிவந்தது. இந்த முறை கணுக்கால்வரை. தரையில் ஊன்றினால் உச்சந்தலையில் வலித்தது. சாயந்திரமானால் காய்ச்சல் அடித்தது. கணவரிடம் "வெயில் காய்ச்சல்" என்றேன். காலைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அப்போதாவது டாக்டரிடம் போயிருக்கலாம். எங்கள் பரிசோதனைக் கூடத்தின் டாக்டரம்மாவே தினமும் பதினோரு மணிக்கு வந்து உட்காருகிறார். அறுபது வயதைத் தாண்டியவர். ரத்தத்தையும் சதையையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோய் சொல்வதில் இந்த ஜில்லாவில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. அவரிடம் போய் "முள்ளு குத்திச்சு, பத்து நாளா பேசாம இருந்துட்டேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பார்க்கிற பார்வையை நினைத்தாலே காய்ச்சல் ஏறியது.

அதனால் இப்படி ஒரு திட்டம் போட்டேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, என் இடது கையிலேயே ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, நானே ரத்தம் எடுத்துக்கொண்டேன். இரண்டு முறை நரம்பு தவறியது. மூன்றாவது குத்தில் கிடைத்தது. இத்தனை வருடத்தில் என்னிடம் ஊசி குத்திக்கொண்ட எல்லோரிடமும் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அடுத்து கம்ப்யூட்டர் பெயர் கேட்டது. என் பெயரைப் போட்டால் டாக்டரம்மா கண்ணில் படும். சட்டென்று வாயில் வந்தது நாத்தனார் பெயர். அவர் வயது, ஊர் அடி அண்ணாமலை. போன் நம்பர் இல்லாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. கணவர் ஆட்டோவுக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது நம்பரைப் போட்டேன். அது அங்கே யாருக்கும் தெரியாது. ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மெஷின் ரிசல்ட் கொடுப்பதற்குள் என்னைப் பக்கத்து ஆஸ்பத்திரி வார்டுக்கு ரத்தம் எடுத்துவர அனுப்பிவிட்டார்கள். ஆறு படுக்கை. நொண்டிக்கொண்டே முடித்துத் திரும்ப ஒன்றரை மணிநேரம் ஆனது. கைப்பையில் போன் சைலன்ட்டில் கிடந்தது.

நான் இல்லாத நேரத்தில் நடந்தது இது. என் கூட வேலை பார்க்கும் பெண் ரிசல்ட்டைப் பார்த்திருக்கிறாள். வெள்ளையணு சாதாரண அளவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஸ்லைடை டாக்டரம்மா பார்த்து, "எலும்பு மஜ்ஜையில இருந்து இளசு செல்லெல்லாம் வேற வெளியில வருது. இந்த அம்மாவுக்கு எங்கியோ பெருசா சீழ் கட்டியிருக்கு. இன்னிக்கே பாக்கணும், போன் போடு" என்றிருக்கிறார். அவளும் போட்டிருக்கிறாள்.

போனை எடுத்தவர் என் கணவர். கிரிவலப் பாதையில் இரண்டு வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாராம். "உங்க வீட்டம்மாவுக்கு வெள்ளை அணு ரொம்ப ஜாஸ்தியா இருக்கு சார்" என்று பெயரைச் சொன்னதும், "அது எங்க அக்காவாச்சே" என்று வண்டியை நிறுத்திவிட்டார். எனக்கு நான்கு முறை போன் செய்திருக்கிறார். வெளிநாட்டுக்காரர்களை ஆசிரமத்துப் பக்கம் இறக்கிவிட்டு நேராக அடி அண்ணாமலைக்கு விட்டிருக்கிறார்.

நாத்தனார் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார். "நான் யாருக்குடா ரத்தம் குடுத்தேன்?" பிறகு அவருக்கே நினைவு வந்திருக்கிறது. பதினைந்து நாளைக்கு முன் ஊரில் நடந்த மருத்துவ முகாமில் விரலில் குத்திப் பார்த்தார்கள். அதுதான் இது என்று முடிவுகட்டிவிட்டார். வெள்ளை அணு ஜாஸ்தி என்றால் ரத்தப் புற்றுநோய் என்று அவருக்கு யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

நான் வார்டிலிருந்து திரும்பிக் கூடத்துக்குள் நுழைந்தபோது நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது.

"வந்துட்டியா" என்று நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் என் கையைப் பிடித்ததே அதுதான் முதல் தடவை. "நீயாவது சொல்லும்மா. எனக்கு பிளட் கேன்சரா? எத்தினி நாளு இருப்பேன்? கடைசிப் பொண்ணுக்கு இன்னும் ஒண்ணும் செய்யலியே நானு."

அந்த இடத்திலும் என் புத்தி எப்படிப் போனது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இவருக்கு இப்போது ரத்தம் எடுத்து, "முதல்ல வந்தது மெஷின் தப்பு, இது நார்மல்" என்று சொல்லிவிட்டால் என்ன என்று யோசித்தேன். யாருக்கும் எதுவும் தெரியாது. அவருக்கும் நிம்மதி. "கவலப்படாதீங்க அண்ணி, ரிப்பீட் பண்ணிப் பாக்கலாம்" என்று வாய்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் அவர் என் கையை விடவில்லை. இன்னொரு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"அண்ணி, அது உங்க ரத்தம் இல்ல."

"இன்னாது?"

"என்னோடது. உங்க பேருல போட்டுட்டேன்."

டாக்டரம்மா தன் அறையிலிருந்து எழுந்து வந்து கதவில் சாய்ந்து நின்றார். என் கணவர் குனிந்து என் காலைப் பார்த்தார். நான் செருப்புப் போடாமல் பழைய துண்டைச் சுற்றியிருந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். எனக்கு ஐம்பது வயது நடக்கிறது; ஸ்கூலை விட்டபின் என்னை யாரும் அடித்ததில்லை. அடித்த கையோடு என் அக்குளில் கைகொடுத்துத் தாங்கி, "டேய், வண்டிய எடுடா, இவளால நிக்க முடியல" என்று தம்பியிடம் கத்தினார்.

"இருங்க" என்றார் டாக்டரம்மா. என்னை அவர் திட்டவில்லை. நான் பயந்த அந்தப் பார்வையைத்தான் பார்த்தார். பிறகு நாத்தனாரிடம் திரும்பி, "இவ்ளோ தூரம் அழுதுக்கிட்டு வந்தீங்க. உங்களுக்கும் ஒரு தடவ நெசமாவே பாத்துடலாம்" என்று சொல்லி, அவருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

அன்று மதியமே அந்த ஆஸ்பத்திரியில் என் காலைக் கீறினார்கள். மரத்துப்போக ஊசி போட்டும் வலித்தது. ஒரு சின்னக் கிண்ணம் நிறையச் சீழ் வந்தது. அதன் அடியிலிருந்து கத்திரிக்கோல் போன்ற இடுக்கியால் சர்ஜன் ஒன்றை எடுத்து, பஞ்சில் வைத்துக் காட்டினார். சீரகம் அளவு இருந்தது, கறுப்பாக. "இத்தினூண்டுதான்" என்றார். நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சீழில் எந்தக் கிருமி என்று பார்க்க, அதை எங்கள் கூடத்துக்கே அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்துக் கட்டுப் போட்ட காலோடு ரிசல்ட் கேட்கப் போனேன். டாக்டரம்மா என்னைப் பக்கத்து ஸ்டூலில் உட்காரவைத்து, "வா, உன்னோடதையே பாரு" என்று மைக்ராஸ்கோப்பை என் பக்கம் நகர்த்தினார்.

பார்த்தேன். கண்ணாடி முழுக்க நியூட்ரோஃபில்கள், வெள்ளையணுக்களில் முதலில் ஓடிவருகிற வகை. ரத்தத்தில் பார்க்கும்போது அவற்றின் உட்கரு மூன்று நான்கு துண்டாக, அழகாக இருக்கும். இங்கே பாதி செல்கள் சுருங்கி, உட்கரு கறுத்த உருண்டையாகிக் கிடந்தன. சில உடைந்து சிதறியிருந்தன. சிலவற்றுக்குள் விழுங்கிய கிருமிகள் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தன.

"ரத்தத்துல இதுக்கு ஆயுசு எவ்ளோ?" என்று கேட்டார்.

"ஒரு நாள் இருக்கும் டாக்டர்."

"அவ்ளோதான். ஆனா வீங்கின எடத்துக்குள்ள போயிட்டா கூடுதலா சில நாள் தாக்குப்பிடிக்கும். அங்க இருக்கிற கிருமி, அந்த எடத்துல சுரக்கிற ரசாயனம், ஆக்சிஜன் கம்மியா இருக்கிறது, எல்லாமே அத சாகவிடாம இழுத்துப் பிடிக்கும். வேலை முடிஞ்சா தானா ஒடுங்கி, உள்ள இருக்கிற விஷத்த வெளியில கொட்டாம சாவணும். உனக்கு முள்ளு உள்ளயே இருந்திச்சு. வேலை எங்க முடிய? புதுசா வந்துக்கிட்டே இருந்திச்சு. செத்தது ஒழுங்கா சாவாம ஒடைஞ்சு உன் சதையவே அரிச்சிருக்கு."

"நான் மாத்திரை போட்டப்ப வீக்கம் கொறஞ்சுதே டாக்டர்."

"வீக்கம் கொறஞ்சுது. முள்ளு கரைஞ்சுதா?"

நான் மறுபடி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். பார்த்தபடியே, இருபத்திரண்டு வருடமாகக் கேட்டிருக்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"செத்ததெல்லாம் எங்க போவும் டாக்டர்?"

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினார். "ஓரத்துல பெருசா ஒண்ணு இருக்கு பாரு."

இருந்தது. மற்றவற்றைப்போல மூன்று மடங்கு பெரிய செல். நுரைத்த மாதிரி உடம்பு. மேக்ரோஃபேஜ் என்று பெயர் தெரியும். இதற்கு முன் எத்தனையோ தடவை பார்த்து, கணக்கில் ஒன்று என்று தாண்டிப்போயிருக்கிறேன். அதன் வயிற்றுக்குள் சுருங்கிப்போன ஒரு நியூட்ரோஃபில் முழுசாகக் கிடந்தது.

"இது கொஞ்சம் பின்னாடி வரும், ரொம்ப நாள் இருக்கும். செத்தத, ஒடைஞ்சத, எல்லாத்தையும் தின்னு சுத்தம் பண்ணும். அப்படித் தின்ன பிறகு அதோட குணமே மாறிடும். அதுவரைக்கும் இன்னும் ஆள் அனுப்புன்னு கூப்பிட்டுக்கிட்டு இருக்கும். அப்புறம் போதும்னு சொல்ற ரசாயனத்த விடும். அதுக்குப் பின்னாடிதான் புதுச் சதை வளரும். உனக்கு இப்பதான் அது ஆரம்பிச்சிருக்கு."

நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கால்தான் அது என்று நம்ப முடியவில்லை. நான் கல்யாண மண்டபத்தில் காலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது, செருப்புக்குள் இத்தனை சாவு நடந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. கூடவே, ஏனென்று தெரியவில்லை, அழுகையும் வந்தது. கண்ணீர் மைக்ராஸ்கோப்பில் விழுந்துவிடப்போகிறது என்று டாக்டரம்மா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

புண் ஆற ஐந்து வாரம் ஆனது. முதல் வாரம் கட்டுப் பிரிக்கும்போது துணி மஞ்சளாக நனைந்து வந்தது. அடுத்த வாரம் தண்ணீர் மாதிரி. மூன்றாம் வாரம் குழிக்குள் இளஞ்சிவப்பாகச் சதை பொரிப்பொரியாகத் தெரிந்தது. நர்ஸ் "நல்லா வருது" என்றபோது ஏதோ நானே செய்தது மாதிரி பெருமையாக இருந்தது. பழக்கதோஷம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்னைக் கட்டு மாற்ற அழைத்துப்போனது நாத்தனார். ரத்தத்தைப் பார்த்தால் அவருக்கு மயக்கம் வரும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு என் கணுக்காலை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு அன்று எடுத்த ரத்தத்தில் வெள்ளையணுக்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. சர்க்கரைதான் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. முகாமில் விரலில் குத்தியவர்கள் டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டுக் கொடுத்தார்களாம். அதில் சுண்டல் மடித்துக் கொடுத்துவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், செருப்புப் போட்டுக்கொண்டு கடையில் நிற்கிறார். டீயில் சர்க்கரை இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று இன்றுவரை நம்புகிறார்.

அவர் கடையில் மோர் குடிக்க நிற்பவர்களுக்கு இந்தக் கதை தவறாமல் கிடைக்கும். போன மாதம் நான் உள்ளே உட்கார்ந்திருந்தது தெரியாமல் யாரோ வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லும் கதையில் சீழ் ஒரு சொம்பு. முள் விரல் நீளம். காலை எடுத்துவிடலாம் என்று மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இவர்தான் முடியாது என்று சண்டைபோட்டு, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"அப்புறம் அந்தம்மாவுக்கு இன்னா ஆச்சு?" என்று ஒரு பெண் கவலையோடு கேட்டார்.

"இருக்கா, நல்லா இருக்கா" என்றார் நாத்தனார். "பெரிய லேப்ல டாக்டரா இருக்கா."

நான் எழுந்துபோய்த் திருத்தவில்லை.